நாடு மாறியவரின் பெயரையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கடந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் திருகோணமலை மாவட்டத்தின் பழைய மேசைப்பந்து வீரர்கள் என்று ஒரு பெயர்ப் பட்டியல் வந்திருந்தது. நல்ல வேலை. கால்பந்தைப் பற்றியும் கிரிக்கெட்டைப் பற்றியும் எழுத இந்த ஊரில் ஆள் இருக்கிறது, மேசைப்பந்துக்கு ஒருவரும் இல்லை என்று பல வருடமாகக் குறைப்பட்டுக்கொண்டிருந்தவன் நான். பேப்பரைக் கையில் எடுத்ததும் தேத்தண்ணி ஆறிப்போனதும் தெரியாமல் ஒவ்வொரு பெயராக வாசித்துக்கொண்டு போனேன். மூன்று பேர் என்னோடு ஆடியவர்கள், அதில் இரண்டு பேர் இப்போது உயிரோடு இல்லை. முடிகிற இடத்தில், பட்டியலுக்குக் கீழே, சின்ன எழுத்தில் ஒரு வரி: நாட்டை விட்டுச் சென்று வேறு நாட்டில் விளையாடியவர்கள் சேர்த்துக்கொள்ளப்படவில்லை.

அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த வரியால் வெட்டுப்பட்டவர்களில் ஒருவரை எனக்கு ஐம்பது வருடமாகத் தெரியும். என்னைவிட ஐந்து வயது மூத்தவர், அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். அவர் பெயரைப் பேப்பரில் போட்டுச் சண்டை பிடிக்க வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டதால் இங்கே எழுதவில்லை, தனித் தாளில் இணைத்திருக்கிறேன். 1970களில் இந்த ஊரில் மேசைப்பந்து மட்டையைப் பிடித்த யாரிடமாவது, 'பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு ஆடுவாரே, அவர்' என்று கேட்டுப் பாருங்கள், உடனே சொல்வார்கள்.

பின்கதவின் கதை இதுதான். நாங்கள் ஆடிய மண்டபம் மிகச் சின்னது. மேசையே ஒன்பது அடி நீளம், அது போக இரண்டு பக்கமும் ஆறு அடியோ ஏழு அடியோதான் மிஞ்சும். பிரித்தானியக் கடற்படை 1957ல் இங்கிருந்து போனபோது ஏலத்தில் வந்த மேசை என்று எங்கள் மாஸ்ரர் சொல்வார். அடித்து ஆடுகிறவனுக்கு அந்த இடம் போதும், மேசையோடு ஒட்டி நின்று அடித்துக்கொண்டே இருக்கலாம். அண்ணை சொப் ஆடுகிறவர். எதிராளி அடிக்க அடிக்கப் பின்னால் போய், பந்து முழங்கால் உயரத்துக்கு இறங்கும்வரை பார்த்திருந்து, மட்டையை மேலிருந்து கீழே கொண்டுவந்து பந்தின் அடிப்பாகத்தை வெட்டி அனுப்புகிற ஆட்டம் அது. அதற்குக் குறைந்தது பத்துப் பன்னிரண்டு அடி பின்னால் இடம் வேண்டும். மண்டபத்தில் இடம் இல்லை, அதனால் பின்கதவைத் திறந்து வைத்து, வாசற்படியில் ஒரு கால், வெளியே மண்ணில் ஒரு கால் என்று நின்று ஆடுவார். ஆனி ஆடி மாதங்களில் கச்சான் காற்று அந்தக் கதவால் உள்ளே அடிக்கும். பந்து காகிதம் மாதிரி அலையும். மற்றவர்கள் எல்லாம் கதவைச் சாத்தச் சொல்லிச் சத்தம் போடுவார்கள், அவர் மட்டும் காற்றுக்குத் தகுந்த மாதிரி மணிக்கட்டை மாற்றிக்கொண்டு பந்தைத் திருப்பி அனுப்பிக்கொண்டே இருப்பார்.

அவருடைய பந்து வருவதை நான் எதிர்ப்பக்கம் நின்று ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன். அடித்த பந்து மட்டையில் பட்டால் டக் என்று கேட்க வேண்டும், அவருடைய மட்டையில் பட்டால் சர் என்று ஒரு உரசல்தான் கேட்கும். பிறகு பந்து மெல்ல மிதந்து, வலைக்கு இரண்டு விரல் மேலே வந்து, மேசையில் விழுந்ததும் நடக்க மறுக்கிற மாதிரி நின்றுவிடும். அதை அடிக்கப் போனால் வலை, தூக்கப் போனால் மேசைக்கு வெளியே. ஒரு புள்ளி முடிந்ததும் வலையோரமாக வந்து உள்ளங்கை வியர்வையை மேசையில் துடைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் திரும்பிப் போவார். அவர் ஸ்மாஷ் அடித்து நான் பார்த்தது மிகக் குறைவு. பந்து தட்டுப்பாடு இருந்த காலம் வேறு, 1977க்கு முன்னர் இறக்குமதி எல்லாம் இறுக்கிப் பிடித்து வைத்திருந்தார்கள். நெளிந்த பந்தைச் சுடுதண்ணீரில் போட்டு உருட்டி எடுத்து மறுபடியும் ஆடுவோம். ஒரு பந்தை ஒரு மாதம் வைத்து ஆடியிருக்கிறோம்.

1985ல் அவர் போனார். ஏன் போனார் என்று திருகோணமலை வாசகர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

இப்போது உங்கள் பட்டியலைத் தயாரித்தவர்களுக்கு ஒருவரை அறிமுகம் செய்து வைக்க ஆசைப்படுகிறேன். ரிச்சர்ட் பேர்க்மன். 1919ல் வியன்னாவில் பிறந்தவர், யூதர், அண்ணையைப் போலவே பின்னால் நின்று தடுத்து ஆடுகிறவர். 1936ல் ஒஸ்திரியா உலக அணிப் பட்டத்தை வென்றபோது அந்த அணியில் அவர் ஒரு பையன். அடுத்த வருடம் வியன்னாவுக்குப் பக்கத்தில் உள்ள பாடன் நகரில் உலகப் போட்டி, இறுதியில் போலந்தின் ஏர்லிக்கை வென்று ஒற்றையர் பட்டத்தை எடுத்தார். அப்போது அவருக்கு 18 வயது நிரம்பவில்லை.

அந்தக் காலத்தில் தடுப்பாட்டம் எவ்வளவு ஓங்கியிருந்தது என்பதற்கு ஒரு சம்பவம் சொல்லலாம். 1936ல் பிராக் நகரில் அதே ஏர்லிக்கும் ருமேனியாவின் பனெத்தும் ஆடியபோது ஒரே ஒரு புள்ளிக்காக இரண்டு மணி நேரத்துக்கு மேல் பந்து போய்ப் போய் வந்தது. ஒரு ஆட்டத்துக்கு அல்ல, ஒரு புள்ளிக்கு. அடுத்த வருடம் பாடனில் பெண்கள் இறுதிப் போட்டி இழுத்துக்கொண்டே போனதால் நேரம் கடந்துவிட்டது என்று நிறுத்தி, யாருக்கும் பட்டம் இல்லை என்று அறிவித்தார்கள். அமெரிக்காவின் ரூத் ஆரன்ஸும் ஒஸ்திரியாவின் ட்ரூடி பிரிட்சியும் ஆடிய ஆட்டம் அது. இருவரும் கூட்டுச் சம்பியன்கள் என்று ஒப்புக்கொள்ள 2001ஆம் ஆண்டு வரை ஆனது. இதெல்லாம் நடந்த பிறகு தடுத்து ஆடுகிறவர்களை அடக்க விதிகளை மாற்றினார்கள். வலையின் உயரத்தைக் குறைத்தார்கள், இன்றைக்கு நாங்கள் கட்டுகிற 15.25 சென்ரிமீற்றர் வலை அந்தக் குறைப்பின் வழியாக வந்ததுதான். நேரத்துக்கும் கட்டுப்பாடு வந்தது. இப்போதைய விதிப்படி ஒரு செற் பத்து நிமிடத்தில் முடியாவிட்டால், இரண்டு பேருமாகப் பதினெட்டுப் புள்ளி எடுத்திருந்தால் ஒழிய, சேர்விஸ் போட்டவர் பதின்மூன்று பந்துக்குள் புள்ளியை எடுத்துவிட வேண்டும். எதிராளி பதின்மூன்றாவது பந்தையும் திருப்பி அனுப்பிவிட்டால் புள்ளி அவருக்கு.

விதி எதிராக மாறியது போதாதென்று 1938 மார்ச்சில் நாஜிகள் ஒஸ்திரியாவுக்குள் வந்துவிட்டார்கள். பேர்க்மன் இங்கிலாந்துக்குப் போய்விட்டார். போய் ஒரு வருடத்தில், 1939ல் கெய்ரோவில், இங்கிலாந்தின் சார்பில் உலக ஒற்றையர் பட்டத்தை மறுபடியும் எடுத்தார். அதே போட்டியில் இரட்டையர் பட்டமும் அவருக்குத்தான். கூட ஆடியவர் யார் தெரியுமா, விக்டர் பார்னா. ஹங்கேரியில் பிறந்து ஹங்கேரிக்காக ஐந்து தடவை உலக ஒற்றையர் பட்டம் எடுத்த மனிதர், அவரும் ஊரை விட்டு வந்தவர். வியன்னாக்காரர் ஒருவரும் புடாபெஸ்ட்காரர் ஒருவரும் கெய்ரோவில் நின்று இங்கிலாந்துக்கு உலகப் பட்டம் எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். இங்கிலாந்து அந்தப் பட்டத்தைத் தன் கணக்கில் எழுதி வைத்திருக்கிறது. பார்னாவை ஹங்கேரி கைவிடவும் இல்லை, தங்கள் மிகப் பெரிய ஆட்டக்காரர் என்றுதான் இன்றும் சொல்கிறது.

பிறகு யுத்தம். 1940 முதல் 1946 வரை உலகப் போட்டியே நடக்கவில்லை. பேர்க்மன் பிரித்தானிய விமானப்படையில் சேர்ந்துவிட்டார். ஒரு விளையாட்டுக்காரனுக்கு இருபது வயதிலிருந்து இருபத்தேழு வரை என்றால் என்ன காலம் என்று யோசித்துப் பாருங்கள். அது முழுக்கப் போய்விட்டது. அதற்குப் பிறகும் 1948ல் லண்டன் வெம்ப்ளியில் செக்கோஸ்லோவாக்கியாவின் வானாவை வென்று மூன்றாவது பட்டம், 1950ல் புடாபெஸ்டில் ஹங்கேரியின் ஷோஷை அவருடைய சொந்த ஊர்ச் சனத்துக்கு முன்னாலேயே வென்று நான்காவது பட்டம். 1953ல் இங்கிலாந்து உலக அணிப் பட்டத்தை வென்றபோதும் அணியில் இருந்தார். ஒஸ்திரியாவுக்காக அணிப் பட்டம் ஒன்று, இங்கிலாந்துக்காக ஒன்று. 1970ல் லண்டனில் இறந்தார். உலக மேசைப்பந்துச் சம்மேளனம் நேர்மையாக ஆடுகிறவர்களுக்குக் கொடுக்கிற கிண்ணத்துக்கு அவருடைய பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள்.

உங்கள் பட்டியலின் அந்த வரியை வியன்னாவில் ஒருவர் எழுதினால் 1937ஆம் ஆண்டின் உலகச் சம்பியனை வெட்ட வேண்டிவரும்.

1953 என்றதும் இன்னொருவர் நினைவுக்கு வருகிறார். அந்தப் போட்டி நடந்தது ருமேனியாவின் புக்கரெஸ்டில். அந்த ஊர்க்காரி அஞ்செலிகா ரோசியானு அன்றைக்குப் பெண்கள் ஒற்றையர் பட்டத்தை எடுத்தார். 1950 முதல் 1955 வரை தொடர்ந்து ஆறு வருடம் அவர்தான் சம்பியன். 1952ல் நமக்குப் பக்கத்தில் பம்பாயில் நடந்ததே, அதுவும் அவருக்குத்தான். தடுப்பிலும் கெட்டி, கிடைத்த பந்தை அடிப்பதிலும் கெட்டி. அவரும் யூதர், யுத்த காலத்தில் விளையாட்டு மண்டபத்துக்குள்ளேயே காலடி வைக்க விடவில்லை. பல வருடம் மட்டையைத் தொடாமல் இருந்து, பிறகு வந்து ஆறு பட்டம். 1960ல் இஸ்ரேலுக்குப் போய்விட்டார், அங்கேயும் ஆடினார், அங்கேயும் வென்றார். 2006ல் ஹைஃபாவில் இறந்தார். அந்த ஆறு பட்டமும் ருமேனியாவின் பெயரில்தான் இன்றும் நிற்கிறது.

பம்பாயைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகிறேன், ஏனென்றால் தடுத்து ஆடுகிறவர்களின் தலைவிதி மாறியது அங்கேதான். ஜப்பானின் ஹிரோஜி சாட்டோ தடித்த ஸ்பொஞ் ஒட்டிய மட்டையோடு வந்து ஆண்கள் பட்டத்தை எடுத்துக்கொண்டு போனார். அதுவரை எல்லோரும் ஆடியது சின்னச் சின்னக் குமிழாகப் புள்ளி வைத்த கெட்டி றப்பரில், பந்து பட்டால் சத்தம் கேட்கும். சொப் ஆடுகிறவர் பாதியைக் கண்ணாலும் பாதியைக் காதாலும்தான் பிடிப்பார், எவ்வளவு வேகம், எவ்வளவு சுழல் என்று அந்தச் சத்தம்தான் முதலில் சொல்லும். ஸ்பொஞ்சில் சத்தமே இல்லை. அதற்குப் பிறகு பந்தை முன்பக்கமாகச் சுழற்றி அடிக்கிற டொப்ஸ்பின் வந்தது, 2000ல் பந்தைப் பெரிதாக்கினார்கள், 2014ல் செலுலோயிட் போய்ப் பிளாஸ்ரிக் வந்து பந்தின் சுழலும் குறைந்தது. ஒவ்வொரு மாற்றத்தின்போதும் தடுப்பாட்டம் இத்தோடு சரி என்றுதான் பேசிக்கொண்டார்கள். 2003ல் பாரிஸில் கொரியாவின் ஜூ சே ஹ்யுக் சொப் ஆடியே உலக ஒற்றையர் இறுதிவரை வந்தார்.

சரி, அண்ணையிடம் வருகிறேன். அவர் போய்ச் சேர்ந்தது ஜேர்மனியில் ஒரு சின்ன ஊர். முதல் பனிக்காலத்தில் அகதிகள் விடுதியில் இருந்தபோது பக்கத்துப் பாடசாலை மண்டபத்தில் மேசைப்பந்துச் சத்தம் கேட்டிருக்கிறது. பாஷை தெரியாது. வாசலில் போய் நின்றிருக்கிறார். ஒரு கிழவர் மட்டையை நீட்டியிருக்கிறார். அன்றைக்கு இருபது நிமிடம் ஆடி ஒரு பந்தைக்கூட ஒழுங்காக வெட்ட முடியவில்லை என்று என்னிடம் பிறகு சொன்னார். ஏன் என்று கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "அங்க காத்தே இல்லையடா. பந்து நேரா வருது. நான் எங்கயோ போய் நிக்கிறன், அது எங்கயோ வந்து விழுது."

அடித்து ஆடுகிறவன் நாடு மாறினால் அவனுடைய அடி அவனோடு போகும். தடுத்து ஆடுகிறவனுக்கு அது அவ்வளவு லேசில்லை. அவன் ஆட்டத்தில் பாதி எதிராளியின் கையில் இருக்கிறது. எதிராளி எப்படி அடிப்பான், நிலம் எப்படி வழுக்கும், பந்து எப்படித் துள்ளும் என்பதை வைத்துத்தான் அவனுடைய ஆட்டமே நடக்கிறது. புது நாட்டில் எல்லாவற்றையும் முதலிலிருந்து கற்க வேண்டும். பேர்க்மன் ஒரு வருடத்துக்குள் அதைச் செய்து உலகப் பட்டமும் எடுத்தார் என்பதை இந்தக் கண்ணால் பார்த்தால்தான் அதன் பெறுமதி தெரியும். நம்முடைய அண்ணைக்கு ஒன்றரை வருடம் எடுத்தது.

இன்னொரு விஷயம். அங்கே அப்போதிருந்த சட்டப்படி அகதி விண்ணப்பம் முடிவாகும்வரை அனுமதி இல்லாமல் அவரவர் வசிக்கிற மாவட்ட எல்லையைத் தாண்டக் கூடாது. அவர்களுடைய லீக் பல தட்டுகளாக இருக்கிறது, ஆகக் கீழ்த் தட்டு மாவட்டத்துக்குள்ளேயே முடிந்துவிடும். அதனால் கீழ்த் தட்டில் ஆட இவருக்குத் தடை இருக்கவில்லை. ஆடினார், ஒரு பருவம் முழுக்க இரண்டே இரண்டு ஆட்டத்தில்தான் தோற்றார், அணி மேல் தட்டுக்கு ஏறியது. மேல் தட்டில் வெளி மாவட்டங்களுக்குப் போய் ஆட வேண்டும். இவர் எடுத்துக் கொடுத்த புள்ளிகளால் அணி மேலே போனது, இவரோ சொந்த மண்டபத்தில் நடக்கும் ஆட்டங்களில் மட்டும் ஆடிவிட்டு, மற்ற நாட்களில் வான் புறப்பட்டுப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். விண்ணப்பம் முடிவாக நாலு வருடம் ஆனது. எந்த நாட்டின் உடுப்பையும் அவர் போட்டதில்லை, ஒரு கிராமத்துக் கழகத்தின் உடுப்பு மட்டும்தான். இதைத்தான் நாட்டை விட்டுச் சென்று வேறு நாட்டில் விளையாடியவர் என்று ஒரு வரியில் முடித்திருக்கிறீர்கள்.

உங்கள் அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்டேன். பட்டியல் இங்கே உள்ள ஒரு மன்றத்திலிருந்து வந்தது, அப்படியே போட்டோம் என்று பதில் வந்தது. அந்த மன்றத்தின் பெயரை நான் எழுதப் போவதில்லை, அங்கே இருப்பவர்களும் நம்முடைய பிள்ளைகள்தான். ஆனால் நடந்ததை எழுதத்தான் வேண்டும். 1979ஆம் ஆண்டு மாவட்ட அணியின் படம் அங்கே சுவரில் மாட்டியிருந்தது. ஆறு பேர், முன்வரிசையில் மாஸ்ரர், பின்வரிசையில் இடது ஓரத்தில் அண்ணை, மட்டையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்தபடி. மட்டையின் விளிம்பைச் சுற்றி ஆஸ்பத்திரிப் பிளாஸ்ரர் ஒட்டியிருப்பதுகூடப் படத்தில் தெரியும். இரண்டு வருடத்துக்கு முன் சுவருக்குப் பெயின்ற் அடித்தபோது படத்தைக் கழற்றினார்கள், திரும்ப மாட்டவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, 'ஆறில நாலு பேர் வெளிநாட்டில ஐயா, பிள்ளையளுக்கு என்னத்தைக் காட்டுறது' என்றார் பொறுப்பில் இருந்த தம்பி. அவருக்கு முப்பது வயது இருக்கும். கோபத்தோடு சொல்லவில்லை, நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார். போனவர்களைக் காட்டினால் பிள்ளைகளும் போகத்தான் நினைப்பார்கள் என்று அவர் பயப்படுகிறார். அந்தப் பயம் எனக்கும் விளங்குகிறது. திருக்கடலூரிலும் உப்புவெளியிலும் எத்தனை வீடு பூட்டிக் கிடக்கிறது என்று எனக்கும் தெரியும்.

ஆனால் அந்த ஆறு பேரும் 1979ல் இங்கேதான் நின்றார்கள். அந்த மண்டபத்தில்தான் ஆடினார்கள். பிறகு எங்கே போனார்கள் என்பதால் 1979 மாறிவிடாது.

நாடு மாறுவதில் வேறு ஒரு வகையும் இருக்கிறது, அதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். சீனாவில் ஆயிரக்கணக்கில் நல்ல ஆட்டக்காரர்கள், அணியில் இடம் சிலருக்குத்தான், அதனால் பலர் வெளிநாடு போய் அந்த நாடுகளுக்கு ஆடினார்கள். ஒரு கட்டத்தில் பல நாட்டு அணிகளில் சீனாவில் பிறந்தவர் ஒருவராவது இருப்பார். அதனால் 2008ல் உலகச் சம்மேளனம் ஒரு கட்டுப்பாடு கொண்டுவந்தது. 15 வயதுக்குள் மாறினால் மூன்று வருடம், 18க்குள் என்றால் ஐந்து, 21க்குள் என்றால் ஏழு வருடம் காத்திருக்க வேண்டும், 21க்குப் பிறகு மாறினால் உலகப் போட்டியில் புது நாட்டுக்கு ஆடவே முடியாது என்று அன்றைக்கு விதித்தார்கள். உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு இடம் கிடைக்க வேண்டும் என்ற நோக்கம் சரியானதுதான், நான் அதற்கு எதிரானவன் அல்ல. அவர்கள்கூட இனி இந்த நாட்டுக்கு ஆடலாமா கூடாதா என்றுதான் விதி போட்டார்கள், ஏற்கனவே ஆடியதை ஏட்டிலிருந்து அழிக்கவில்லை.

அந்த வகையில் போன ஒருவரை எனக்கு மிகவும் பிடிக்கும். ஹான் யிங். 1983ல் சீனாவில் பிறந்து ஜேர்மனிக்குப் போனவர், சொப் ஆடுகிறவர். 2016ல் ரியோ ஒலிம்பிக்கில் ஜப்பானுக்கு எதிரான அணி அரையிறுதி இரண்டுக்கு இரண்டு என்று நின்றது, கடைசி ஆட்டம் ஹான் யிங்குக்கும் ஃபுக்குஹாராவுக்கும், அதிலும் கடைசி செற் வரை போனது. முடிவுப் பந்து மேசையின் விளிம்பில் உரசி இறங்கியது. ஜேர்மனி இறுதிக்குப் போனது. இறுதியில் எதிரே நின்றது சீனா, தோற்றார்கள், வெள்ளிப் பதக்கம். ஐந்து வருடம் கழித்து டோக்கியோவில் 38 வயதில் ஒற்றையர் காலிறுதிவரை வந்தார். அந்த அரையிறுதியை அண்ணை அங்கே ரீவியில் பார்த்துக்கொண்டிருந்தார், நான் இங்கே பார்த்துக்கொண்டிருந்தேன். முடிந்ததும் தொலைபேசி எடுத்தார். இரண்டு பேருக்கும் கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை.

இப்போது இந்தக் கடிதத்தை எழுத வைத்த பிள்ளையைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் ஓய்வு பெற்ற பிறகு சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்கு மேசைப்பந்து சொல்லிக் கொடுக்கிறேன். பதின்மூன்று வயதுப் பிள்ளை ஒன்று வருகிறது. யாரும் சொல்லிக் கொடுக்காமலே அந்தப் பிள்ளைக்குப் பின்னால் போகிற கால் இருக்கிறது. அடித்தால் பயப்படாமல் இரண்டு எட்டுப் பின்னால் வைத்து, பந்து இறங்கும்வரை பொறுத்திருக்கிறது. அந்தப் பொறுமையைச் சொல்லிக் கொடுக்க முடியாது, எத்தனையோ பிள்ளைகளிடம் முயன்று பார்த்தவன் நான். வேறொரு இடத்தில் பயிற்சி கொடுத்தவர், இதெல்லாம் பழைய ஆட்டம், மேசையோடு நின்று அடி, இல்லாவிட்டால் மாகாண அணியில் எடுக்க மாட்டார்கள் என்று சொல்லியிருக்கிறார். பிள்ளை அழுதுகொண்டு வந்தது. நான் ஜூ சே ஹ்யுக்கையும் ஹான் யிங்கையும் கைத்தொலைபேசியில் போட்டுக் காட்டினேன். கண் விரியப் பார்த்துவிட்டுக் கேட்டது, "தாத்தா, இப்பிடி ஆடின ஆக்கள் எங்கட ஊரில ஒருத்தரும் இருக்கேல்லையோ?"

இருந்தார் என்று சொன்னேன். பெயரையும் சொன்னேன். அடுத்த சனிக்கிழமை உங்கள் பேப்பர் வெட்டுத் துண்டைக் கொண்டுவந்து, 'இதில அவற்ர பேர் இல்லையே தாத்தா' என்று காட்டியது. மேலிருந்து கீழே விரல் வைத்து ஒவ்வொரு பெயராகத் தேடியிருக்கிறது, பேப்பரில் அந்த விரலின் அழுக்குத் தெரிந்தது.

அதனால் கேட்கிறேன். பட்டியலை மறுபடியும் போடுங்கள். விடுபட்ட பதினொரு பெயர்களையும், அவர்கள் எந்த வருடத்திலிருந்து எந்த வருடம்வரை இங்கே ஆடினார்கள் என்பதையும், பிறகு எந்த நாட்டில் ஆடினார்கள் என்பதையும் எழுதி இணைத்திருக்கிறேன். ஒவ்வொன்றையும் குறைந்தது இரண்டு பேரிடம் விசாரித்துத்தான் எழுதினேன், இருவரின் வருடத்தில் மட்டும் சந்தேகம் இருக்கிறது, பக்கத்தில் கேள்விக்குறி போட்டிருக்கிறேன். போட்ட பட்டியலிலும் ஒரு திருத்தம் உண்டு, நான்காவது பெயருக்குரியவர் மூதூர்க்காரர், கிண்ணியா என்று வந்திருக்கிறது. 1979ஆம் ஆண்டுப் படத்தின் பிரதி மாஸ்ரரின் மகளிடம் இருக்கிறது, தர ஒப்புக்கொண்டிருக்கிறார். மன்றத்துத் தம்பியிடமும் பேசினேன். பேப்பரில் வந்தால் படத்தை மாட்டுவோம் ஐயா என்கிறார்.

அண்ணை வருகிற பங்குனியில் கோணேசர் கோயில் திருவிழாவுக்கு வருகிறார். வந்தால் அந்தப் பிள்ளையோடு ஒரு அரை மணி நேரம் ஆட வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். முழங்கால் சரியில்லை, பார்ப்போம் என்றார். அப்புறம் இரண்டு நாள் கழித்து அவரே தொலைபேசி எடுத்தார். பிள்ளைக்கு, சொப் ஆடுகிறவர்கள் மட்டையில் ஒட்டுகிற நீளப் புள்ளி றப்பர் ஒன்று வாங்கி வரப்போகிறாராம், மட்டையின் மற்றப் பக்கம் என்ன நிறம் என்று கேட்டார். சிவப்பு என்றேன். அப்ப கறுப்பு எடுக்கிறன் என்றார்.

இப்படிக்கு,
மேசைப்பந்து வாசகர் ஒருவர்,
உவர்மலை, திருகோணமலை.